மேகத்தின் மின்னழுத்தமும் தோடர்களின் புல்வெளியும்

ஊட்டிக்கு வருகிறவர்கள் தாவரவியல் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கையில் வர்க்கிப் பொட்டலத்தோடு மலை இறங்கிவிடுவார்கள். முத்தோரைப் பக்கம் எட்டிப்பார்ப்பவர்கள் குறைவு. காரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் அந்தச் சரிவுகளில் மத்திய அரசின் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1957 முதல் இயங்குகிறது. அதே ஊரில் மலைச்சரிவை ஒட்டி அரை கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு ரேடியோ தொலைநோக்கி நிற்கிறது. அதை ஒட்டிய பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையமும் அதன் அருங்காட்சியகமும் இருக்கின்றன. பயிரின் நோயை ஆராய்பவர், விண்மீன் திரளை ஆராய்பவர், மனிதக் குழுக்களை ஆராய்பவர் மூவரும் ஒரே கடையில் தேநீர் குடிக்கக்கூடிய ஊர் அது.

ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நீலகிரியில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் கண்ணில் படும். ஒரு துறை எழுப்பிய கேள்விக்கு இன்னொரு துறை விடை சொன்ன கதைகள் இங்கே ஏராளம்.

தொலைநோக்கியில் தொடங்கலாம். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் இந்தியப் பொறியாளர்களே வடிவமைத்து 1970இல் முடித்த கருவி இது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். இருபத்து நான்கு வளைந்த எஃகுச் சட்டங்கள், அவற்றின் மேல் நெடுக ஓடும் 1,100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள். ரேடியோ அலைகளுக்கு இதுவே கண்ணாடி. இதை ஏன் ஊட்டியில் கொண்டுவந்து வைத்தார்கள்? இந்த இடம் நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 11 பாகை வடக்கே இருக்கிறது. வடக்கு தெற்காக அதே 11 பாகைச் சாய்வுள்ள ஒரு மலைச்சரிவு கிடைத்தால், அதன் மேல் கிடத்திய நீண்ட கருவி பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக அமைந்துவிடும். பிறகு பூமி சுழலும் வேகத்திலேயே அதை ஒரே அச்சில் திருப்பினால் போதும். வானத்தில் ஒரு புள்ளியை ஒன்பதரை மணி நேரம் விடாமல் பின்தொடரலாம். கோடிகளைக் கொட்டிச் செய்ய வேண்டியதை மலை இனாமாகச் செய்து கொடுத்தது.

தொலைதூரத்து ரேடியோ விண்மீன் திரள் ஒன்றை நிலா மறைக்கும் நேரத்தில் அதன் அலைகள் எப்படித் தேய்ந்து மங்குகின்றன என்று அளந்தால், அந்தத் திரளின் உருவளவு தெரியும். இப்படி நூற்றுக்கணக்கில் அளந்தார்கள். 1975இல் ஸ்வரூப், விஜய் கபாஹி இருவரும் வெளியிட்ட முடிவுகள், பிரபஞ்சம் காலப்போக்கில் மாறிவந்திருக்கிறது என்ற பக்கத்துக்கு வலுச் சேர்த்தன. என்றும் ஒரே நிலையில் இருக்கும் பிரபஞ்சம் என்ற கொள்கைக்கு அது பின்னடைவு.

ஊட்டியின் இன்னொரு இயற்பியல் கூடம் காஸ்மிக் கதிர்களுக்கானது. இந்திய, ஜப்பானிய விஞ்ஞானிகள் சேர்ந்து நடத்தும் கிரேப்ஸ்-3 என்ற இந்தச் சோதனையில் 3,712 உலோகக் குழாய்கள் கான்கிரீட் அடுக்குகளுக்குக் கீழே கிடந்து, வானிலிருந்து பொழியும் மியூவான் துகள்களை எண்ணிக்கொண்டே இருக்கின்றன. எண்ணுவதற்கு இடைஞ்சலாக வந்தது ஊட்டியின் இடிமழை. இடிமேகம் தலைக்கு மேல் நிற்கும்போதெல்லாம் கணக்கு கொஞ்சம் இறங்கியது. வேறு யாராவது அந்த நாட்களின் தரவைக் கழித்துக் கட்டியிருப்பார்கள். இவர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். மியூவானுக்கு மின்னேற்றம் உண்டு. மேகத்தின் மின்புலம் அதன் ஆற்றலைக் கூட்டும், குறைக்கும். அப்படியானால் குறைந்த எண்ணிக்கையிலிருந்து மேகத்தின் மின்னழுத்தத்தைக் கணக்கிட முடியும் அல்லவா? 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டியின் மேல் நின்ற ஒரு மேகத்தில் 130 கோடி வோல்ட் இருந்ததாக 2019இல் அறிவித்தார்கள். பலூன்களை அனுப்பி அதுவரை அளந்ததைப் போலப் பத்து மடங்கு. இவ்வளவு பெரிய அழுத்தம் இடிமேகத்தில் இருக்கலாம் என்று சி.டி.ஆர். வில்சன் 1929லேயே ஊகித்திருந்தார். துகள் இயற்பியலுக்காகக் கட்டிய கருவி வானிலை ஆய்வுக்குப் பதில் சொல்லியது இப்படித்தான்.

குன்னூர்க் கதை இதைவிடப் பழையது, நம் சோற்றுத் தட்டோடு நேரடித் தொடர்பு உள்ளது. அங்கே 1907இல் வெறிநாய்க்கடிச் சிகிச்சைக்காகத் தொடங்கிய பாஸ்டர் நிறுவனத்தில், 1918இல் ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவருக்கு ஒற்றை அறை ஒன்று கிடைத்தது. கைகால் மரத்து, வீங்கி, இதயம் தளர்ந்து ஆளைக் கொல்லும் பெரிபெரி நோயை ஆராய்வது அவர் வேலை. பிறகு அவர் இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடும் சாப்பாட்டை அப்படியே எலிகளுக்குப் போட்டுப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. தீட்டிய அரிசியை நம்பிய மதராஸ் சாப்பாட்டில் வளர்ந்த எலிகள் கடைசி இடத்தில் நின்றன. நம்மவர்களுக்குக் கொஞ்சம் கசப்பான முடிவுதான். ஆனால் எலி சாப்பிட்டது ஏழைகளின் தட்டிலிருந்த சாப்பாடு. எல்லா வீட்டிலும் அதே சாப்பாடு இருந்ததா என்று கேட்க இடமுண்டு.

அவருக்குப் பின் வந்த டபிள்யூ.ஆர். அய்க்ராய்ட் குழு அரிசிக்குள்ளேயே நுழைந்து பார்த்தது. ஆந்திரத்தின் வடகடலோர மாவட்டங்களில் பெரிபெரி பரவலாக இருந்தது. தமிழ் மாவட்டங்களில் அவ்வளவாக இல்லை. இரண்டு பக்கமும் அரிசிதான், இரண்டு பக்கமும் ஏழைகள்தான். அங்கே மில்லில் தீட்டிய பச்சரிசி, இங்கே புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின் என்ற வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் முழுதாகப் போவதில்லை. நெல் அவிக்கும் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்ற பெண்களுக்கு வைட்டமின் என்ற பெயர் தெரியாது. தலைமுறை தலைமுறையாக ஒரு நோயை அவர்கள் தடுத்து வந்தது மட்டும் ஆய்வகத்தில் உறுதியாயிற்று. 1937இல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டதும் இதே குன்னூர்க் கூடம்தான். 1958இல் அது ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

மலையின் பழங்குடி மக்களிடம் இரத்தம் எடுத்துப் பார்த்ததிலும் ஒரு திருப்பம் உண்டு. சிவப்பணு அரிவாள்போல் வளைந்துபோகும் மரபுக் குறையை ஆப்பிரிக்க வம்சாவளியினரோடு சேர்த்தே மருத்துவ உலகம் பேசிவந்தது. 1952இல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் இருவரும் அது நீலகிரிப் பழங்குடியினரிடமும் இருப்பதை அறிவித்தார்கள். இரண்டு கண்டத்து மக்களுக்கும் பொதுவான ஒரு மூதாதையர் இருந்திருப்பார்களோ என்று உடனே ஊகம் கிளம்பியது. 1980களில் மரபணுவையே படிக்க முடிந்தபோது அந்த ஊகம் சரிந்தது: இந்தியாவில் காணப்படும் வகை தனியாகத் தோன்றியது. இரண்டு இடத்தையும் இணைத்தது உறவு அல்ல, கொசு. இந்த மரபணுவைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்களுக்கு மலேரியாவைத் தாங்கும் சக்தி கூடுதல். இருவரிடமிருந்தும் பெற்றால் வாழ்நாள் முழுக்க வலி. பணியர், இருளர், குறும்பர் வாழும் அடிவாரக் காடுகள் மலேரியா வாட்டிய பகுதிகள். கூடலூரில் அஸ்வினி அமைப்பு நடத்தும் ஆதிவாசி மருத்துவமனை இந்த நோயாளிகளைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறது.

மனிதர்களைப் பற்றிய ஆய்வு என்றால் நீலகிரியில் முதலில் வருவது எருமை மேய்க்கும் தோடர்கள்தான். கேம்பிரிட்ஜிலிருந்து டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் 1901இல் வந்தார். அவர் மருத்துவர், உளவியலாளர். தோடர்களின் பார்வைக் கூர்மை, நிறம் பிரித்தறியும் திறன், வலி உணர்வு எல்லாவற்றையும் சோதித்தார். அதோடு யார் யாருக்கு என்ன உறவு என்று வீடு வீடாக வம்சாவளிப் பட்டியல் எடுத்தார். அன்று சுமார் 800 பேரே இருந்த சமூகம். 1906இல் வந்த அவருடைய நூல் 700 பக்கத்தைத் தாண்டியது. ஆளுக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம்! மானுடவியலில் வம்சாவளி முறையை நிலைநிறுத்திய நூல்களில் அது ஒன்று.

இருந்தும் அவர் ஒன்றைத் தவறவிட்டார். தோடர்களுக்குத் தந்தை வழிக் குலம் இருப்பதுபோலவே தாய்வழிக் குலமும் உண்டு. அதைக் கண்டுபிடித்தவர் மானுடவியலாளர் அல்லர், மொழியியலாளர். 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி தோடா, கோத்தா மொழிகளைக் கற்ற மரே எமனோ, உறவுப் பெயர்களையும் பேச்சில் அவை வரும் விதத்தையும் கேட்டுக் கேட்டு அந்த இரண்டாவது கணக்கைப் பிடித்தார். ரிவர்ஸ் மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். எமனோ நேரடியாகக் கேட்டார். வித்தியாசம் அங்கேதான்.

ஒரு மனக்குறையையும் சொல்லியாக வேண்டும். சில நூறு பேர் கொண்ட தோடர்களைத் தேடி உலகெங்குமிருந்து அறிஞர்கள் வந்த அளவுக்கு, இதே மலையில் தேயிலை கிள்ளும் பல்லாயிரம் பேரைத் தேடி வரவில்லை. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து, அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களிலும் கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளிலும் குடியேறிய குடும்பங்களின் கதை ரிவர்ஸ் எடுத்ததுபோல வீடு வீடாக எழுதப்பட வேண்டியது. தேயிலைச் செடியைத் தாக்கும் கொப்புள நோயைப் பற்றியோ ஆய்வுத் தாள்களை அடுக்கடுக்காகக் காட்டலாம்.

தோடர்களின் எருமைகளிடமிருந்துதான் நீலகிரியின் மிக நீண்ட விவாதமும் தொடங்குகிறது. மேட்டுநிலத்தில் பள்ளங்களில் மட்டும் அடர்ந்த சோலைக்காடு. மற்ற சரிவெல்லாம் புல். மரம் வளரக்கூடிய மழை இருந்தும் ஏன் புல்? 1938இல் வனத்துறை அதிகாரி சி.ஆர். ரங்கநாதன் உறைபனியைக் காரணம் காட்டினார்: பனி மரக்கன்றைக் கொல்கிறது, எனவே புல்லே இந்த இடத்தின் இயல்பு. அதே ஆண்டு என்.எல். போர் மறுத்தார், மேய்ச்சலும் தீயும்தான் காட்டை அழித்துப் புல்லாக்கின என்றார். அதாவது பழி மேய்ப்பவர்கள் மேல். தோடர்களின் பெயர் முதன்முதலில் 1117ஆம் ஆண்டு ஹொய்சளக் கல்வெட்டில் வருகிறது. அதற்கு முன்னால் இங்கே என்ன இருந்தது என்று கல்வெட்டு சொல்லாது.

சேறு சொன்னது. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாப் பள்ளத்தாக்கின் சதுப்பில், நீர் தேங்கி நிற்பதால் செத்த செடிகள் முழுதாக அழுகாமல் கருப்பாக அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. பீட் என்பார்கள். யானை ஆய்வாளராகப் பலரும் அறிந்த ஆர். சுகுமார், ஆமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் ஆர். ரமேஷ், உடன் ஆர்.கே. பந்த், ஜி. ராஜகோபாலன் ஆகியோர் அந்தப் படிவத்தைத் தோண்டி எடுத்தார்கள். மரங்களும் வெப்பமண்டலப் புற்களும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் முறை வேறு வேறு. கார்பன்-13 என்ற கனமான அணு புல்லில் சற்று அதிகமாகத் தங்கும். நிறை நிறமாலைக் கருவியில் அந்த விகிதத்தை அளந்தால், ஒவ்வொரு அடுக்கும் எந்தத் தாவரத்திலிருந்து வந்தது என்று தெரியும். கதிரியக்கக் கார்பன் வயதைச் சொல்லும். 1993இல் நேச்சர் இதழில் முடிவு வந்தது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, பனியுகத்தின் உச்சத்தில், வறண்ட இந்த மலையில் புல்லே ஓங்கியிருந்தது. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் பருவமழை வலுத்தபோது ஈரம் விரும்பும் தாவரங்கள் பெருகின. பிறகு மறுபடி வறட்சி, மறுபடி புல். எருமை மேய்த்தவர்கள் வருவதற்கு வெகு காலம் முன்பே புல்வெளி இங்கே இருந்தது. தீயும் மேய்ச்சலும் காட்டின் ஓரங்களை முன்பின் நகர்த்தியிருக்கலாம், புல்வெளியைப் படைக்கவில்லை.

விவாதத்துக்கு முன்பும் அது நடந்துகொண்டிருந்தபோதும் புல்வெளியை வெற்றுநிலம் என்று கணக்கெழுதி மரம் நட்டாகிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டஸும், சீகை எனப்படும் வாட்டில் மரமும் வந்தன. விடுதலைக்குப் பின் தோல் பதனிடவும் ரேயான் ஆலைக்கும் இன்னும் வேகமாக நட்டார்கள். அதன் விலையை ஊட்டியின் மண்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் கிளன்மார்கனில் அளந்தது. அருகருகே இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளில் ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றதில் 1972இல் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்தாண்டில் மரம் நட்ட ஓடையில் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. இந்த ஓடைகள்தான் பைக்காரா போன்ற மின்திட்டங்களின் அணைகளுக்குப் போகின்றன.

இப்போது அயல் மரங்களை அகற்ற அரசு முனைகிறது. ஆனால் சீகையை வெட்டினால், மண்ணில் பல்லாண்டு உறங்கும் விதைகள் வெளிச்சம் பட்டதும் கூட்டமாக முளைக்கின்றன. சில பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் உறைபனி படாமல் சோலை மரக்கன்றுகள் வளர்ந்திருக்கின்றன. அங்கே வெட்டினால் காடும் போகும். சுற்றியுள்ள ஊர்களுக்கு அதே தோப்புதான் விறகு. எந்தச் சரிவில் வெட்டுவது, எதில் விட்டுவைப்பது என்பதை இடம் இடமாகத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.