காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு கிடையாது

1982-இல் உலகிலேயே 22 கலிபோர்னியா காண்டார்கள்தான் மிஞ்சியிருந்தன. இந்தப் பிணந்தின்னிக் கழுகுகளைக் கூண்டில் பெருக்கிக் காட்டில் விட்ட பிறகும், அவற்றை அதிகம் கொல்வது காரீயம்தான். காரீய வேட்டைத் தோட்டா மானின் உடலுக்குள் பொடிப்பொடியாகச் சிதறுகிறது. வேட்டைக்காரர் விட்டுச்செல்லும் குடலைத் தின்னும் பறவையின் இரத்தத்தில் அது ஏறுகிறது. செரிமானம் முடங்கி, இரை இருந்தும் பறவை பட்டினியால் சாகிறது. அதே மானின் கறியை மனிதரும் உண்கிறார்கள். 2019 ஜூலை முதல் கலிபோர்னியா மாநிலத்தில் எந்த வேட்டைக்கும் காரீயத் தோட்டா கூடாது. நஞ்சைத் தடுக்க வேண்டிய இடம் அது புறப்படும் இடமே.

நம் நாட்டில் அது புறப்படும் முக்கிய இடம் பழைய பேட்டரி. காயலான் கடைக்குப் போகும் பேட்டரி, உரிமமில்லாத பட்டறையில் சுத்தியலால் உடைக்கப்படுகிறது. அமிலம் மண்ணில் கொட்டப்படுகிறது. உள்ளிருக்கும் காரீயத் தகடுகள் திறந்த உலையில் உருக்கப்படுகின்றன. அந்தத் தூசி மேய்ச்சல் புல்லிலும் தொழிலாளியின் சட்டையிலும் படிந்து வீடுவரை வருகிறது. மண்ணில் விளையாடிய கையை வாயில் வைக்கும் குழந்தையின் உடல், பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு காரீயத்தை உறிஞ்சுகிறது. அது மூளை வளர்ச்சியைக் குலைக்கிறது. எலும்பில் பல ஆண்டுகள் தங்கி, கருவுற்ற காலத்தில் சிசுவுக்கும் போகிறது.

‘கொஞ்சம்தானே’ என்பார்கள். பாதுகாப்பான அளவு என ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார அமைப்பு. ‘ஏழைகளின் பிழைப்பு போகுமே’ என்பார்கள். அந்தப் பட்டறையில் முதலில் நோயுறுவதும் அந்த ஏழையே. அவருக்குத் தேவை பாதுகாப்பான ஆலையில் வேலை. சட்டம் போட்டால் நடக்குமா என்ற ஐயத்துக்கு, 2000-இல் இந்தியாவில் ஒழிந்த காரீயப் பெட்ரோலே பதில்.

பழைய பேட்டரியைச் சேகரிப்பு, புதுப்பிப்பு அல்லது மறுசுழற்சியில் ஈடுபடும் நிறுவனத்திடம் ஒப்படைக்கச் சொல்கின்றன 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகள். வீட்டு பெயின்ட்டில் காரீயம் 90 பி.பி.எம்.-ஐத் தாண்டக் கூடாது. டப்பாவில் அதைப் பார்த்து வாங்குங்கள். பழைய பெயின்ட்டை உலர்வாகத் தேய்க்காமல் ஈரப்படுத்திச் சுரண்டுங்கள். அருகில் பட்டறை இருந்தால் குழந்தையின் இரத்தத்தைச் சோதியுங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமை எட்டினாலே மூலத்தைக் கண்டறிந்து அகற்ற வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். இழப்பீடு கோர, சென்னையில் அமர்வு உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை ஐந்து ஆண்டுகளுக்குள் நாடுங்கள். தூய சூழல் உங்கள் வாழ்வுரிமையின் பகுதி. அதைக் கேட்டுப் பெறுங்கள்.