கண் சிமிட்டும் பிள்ளையும் பழி சுமக்கும் தாயும்

ஆறேழு வயதுப் பிள்ளை ஓயாமல் கண்ணைச் சிமிட்டுகிறது, தோளைக் குலுக்குகிறது, சளி இல்லாமலே தொண்டையைச் செருமுகிறது என்றால் வீட்டில் முதலில் அதட்டல் விழும். அதட்டி அடங்காவிட்டால் கண் டாக்டர், பிறகு திருஷ்டி கழிப்பு. அதற்கும் மசியவில்லை என்றால் பேச்சு பிரசவத்துக்குப் போகும். “மாசமா இருக்கும்போது ஒழுங்கா சாப்பிட்டியா?”, “ஆபரேஷன் பண்ணி எடுத்த பிள்ளைதானே” என்று தாயின் பக்கம் விரல் நீளும். சென்னைக்கு வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை, மீஞ்சூர், அத்திப்பட்டு என ஆலைகளுக்கும் அனல்மின் நிலையத்துக்கும் நடுவே வாழும் குடும்பங்களில் இன்னொரு சந்தேகமும் சேர்ந்துகொள்ளும்: புகைதான் காரணமோ? இந்தக் கேள்விகளில் உண்மை கொஞ்சம் இருக்கிறது. எவ்வளவு என்று அளந்து பார்த்தால், யார்மீதும் பழி சொல்ல அது போதாது; கண்டுகொள்ளாமல் விடவும் முடியாது.

மருத்துவர்கள் ‘டிக்’ என்று சொல்லும் இந்தத் திடீர் அசைவும் ஒலியும் பிள்ளை வேண்டுமென்றே செய்வதல்ல. தும்மலுக்கு முன் மூக்கில் வரும் குறுகுறுப்புபோல ஓர் உந்தல் முதலில் எழும். சற்று நேரம் அடக்கலாம், அடியோடு நிறுத்த முடியாது. பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வயதுக்குள் தொடங்கி, பத்துப் பன்னிரண்டு வயதில் உச்சத்துக்குப் போய், பதின்வயதின் முடிவில் பலருக்குத் தணிந்துவிடும். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளிடம் மூன்று நான்கு மடங்கு அதிகம். பல அசைவுகளும் குறைந்தது ஓர் ஒலியும் ஓராண்டைத் தாண்டி நீடித்தால், 1885-இல் ஒன்பது நோயாளிகளைப் பற்றி விவரித்த பிரெஞ்சு மருத்துவரின் பெயரால் அதை டூரெட் என்கிறார்கள். வேண்டாத அசைவைத் தடுத்து வேண்டியதை மட்டும் அனுப்பும் நரம்புத் திரள்கள் மூளையின் ஆழத்தில் இருக்கின்றன. அவற்றின் இயக்கம் சற்று மாறுபடுவதே டிக்குக்கு அடிப்படை. கருவிலோ பிறக்கும்போதோ பிராணவாயு குறைந்தால் எளிதில் பாதிக்கப்படும் பகுதிகளில் இந்தத் திரள்களும் அடங்கும். ஆய்வாளர்கள் பிரசவத்தின்மேல் கண் வைத்ததற்கு இது ஒரு காரணம்.

டிக் உள்ள பிள்ளைகளின் தாய்மாருக்குக் கர்ப்பகாலச் சிக்கல்கள் கூடுதலாக இருந்தன என்று அமெரிக்க ஆய்வாளர்கள் பசமானிக், காவி இருவரும் 1956-லேயே எழுதினார்கள். ஆனால் வறுமை, புகைப்பழக்கம், பரம்பரைக் கூறு ஆகியவை சிக்கலான பிரசவத்தையும் டிக்கையும் ஒரே வீட்டில் கொண்டுவந்து சேர்க்கக்கூடும். இந்தக் குழப்பத்தைப் பிரிக்கும் வழி, ஒரே தாயின் பிள்ளைகளை ஒருவரோடொருவர் ஒப்பிடுவது. ஸ்வீடனில் 1973 முதல் 2003 வரை பிறந்த 30 லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பதிவேடுகளைக் கொண்டு அதைச் செய்தார்கள். கருவில் வளர்ச்சி குன்றியது, குறைமாதத்தில் பிறந்தது, தலை திரும்பாமல் பிட்டம் முன்னே வந்தது, சிசேரியன் ஆகியவற்றின் தொடர்பு உடன்பிறந்தோர் ஒப்பீட்டிலும் பெரும்பாலும் நிலைத்தது. தாயின் புகைப்பழக்கத்தின் தொடர்போ அந்த ஒப்பீட்டில் நிற்கவில்லை. சிக்கல்களில் ஒன்று இருந்தவர்களுக்கு டிக் வரும் வாய்ப்பு சுமார் 1.4 மடங்கு, ஐந்தோ அதற்கு மேலோ இருந்தவர்களுக்கு 2.4 மடங்கு.

மடங்குக் கணக்கு மிரட்டும்; தலைக் கணக்கு தெளிய வைக்கும். சிக்கலில்லாமல் பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் 5 பேருக்கு நீடித்த டிக் வரும் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு சிக்கலோடு பிறந்த ஆயிரம் பேரில் அது 7 ஆகும். ஐந்து சிக்கல்கள் சேர்ந்தாலும் 12. மற்ற 988 பேருக்கு ஒன்றுமில்லை. இதோடு பரம்பரையை ஒப்பிட்டுப் பாருங்கள்: பெற்றோரிலோ உடன்பிறந்தோரிலோ ஒருவருக்கு டிக் இருந்தால் வாய்ப்பு ஏறக்குறைய 19 மடங்கு என்று இன்னொரு ஸ்வீடன் ஆய்வு 2015-இல் காட்டியது. அந்தப் பரம்பரைக் கூறு தந்தை வழியிலும் வரலாம், தாய் வழியிலும் வரலாம்; வசவு மட்டும் தாய்க்கே போகிறது. பரம்பரைதான் என்றால் கர்ப்பகாலக் கவனிப்பால் என்ன பயன் என்று கேட்கலாம். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களிடம் இதற்கு விடை இருக்கிறது. பரம்பரைக் கூறு இருவருக்கும் ஒன்றுதான்; ஆனாலும் எடை குறைவாகப் பிறந்தவருக்கே பெரும்பாலும் டிக் கடுமையாக இருந்ததை 1992-இல் வந்த ஆய்வொன்று கண்டது. வித்து பரம்பரையில் இருந்தாலும் அதன் கடுமையில் கருவறைக்கும் பங்கு உண்டு.

சிசேரியன் பற்றிய அச்சத்துக்குத் தனியாகப் பதில் வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். நாட்டின் சராசரி 21.5. இந்த வேறுபாடு கேள்விக்குரியதுதான். அதற்காகக் கத்தி பட்டதால் டிக் வந்தது என்று முடிவு கட்ட முடியாது. பல சிசேரியன்கள் நடப்பதே உள்ளே ஏதோ சரியில்லை என்பதால்தான். உடன்பிறந்தோர் ஒப்பீடு குடும்பத்தைச் சமமாக்கும். முதல் பிரசவத்துக்கு வந்த நெருக்கடியையும் இரண்டாவதற்கு வராத நெருக்கடியையும் சமமாக்காது. தேவைப்படும் நேரத்தில் பயந்து ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் குழந்தைக்கு மூச்சு முட்டலாம். அந்தக் கேடு டிக்கைவிடப் பல மடங்கு பெரிது.

ஆலைப் புகைக்கு வருவோம். தமிழ்நாட்டின் கிராமம், நகரம் இரண்டிலும் 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2018-இல் வெளியான ஆய்வில், காற்றில் நுண்துகள் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போது பிறப்பு எடை 4 கிராம் குறைந்தது. ஒரு குழந்தைக்கு 4 கிராம் பொருட்டல்ல. ஒரு வட்டாரம் முழுவதும் ஆண்டுக்கணக்கில் அதே காற்றைச் சுவாசித்தால், எடை குறைந்த குழந்தைகளின் எண்ணிக்கை மெல்லக் கூடும். அந்த ஆய்வு எடையைத்தான் அளந்தது, டிக்கை அல்ல. ஆகவே ‘ஆலைப் புகையால் என் பிள்ளைக்கு டிக்’ என்ற தீர்ப்பு சான்றைத் தாண்டி ஓடுவதாகும். காற்றைச் சுத்தமாக்கச் சொல்ல அந்தத் தீர்ப்பு தேவையும் இல்லை. பிறப்பு எடையும் நுரையீரலும் போதும். கருவின் வளர்ச்சிக்கு இன்னும் பெரிய இடையூறுகள் கண்முன் இருக்கின்றன. முன்பு சொன்ன குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழக அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாயும், 2017 முதல் சட்டப்படி கிடைக்கும் 26 வார மகப்பேறு விடுப்பும், செங்கல் சூளையில் குடும்பத்தோடு தங்கி உழைப்பவளுக்கும் கான்ட்ராக்டில் வேலை செய்பவளுக்கும் எட்டுகின்றனவா என்பதே இங்கே கேட்க வேண்டிய கேள்வி.

இவ்வளவு சிறிய ஆபத்தைச் சொல்லித் தாய்மாரை ஏன் கலங்கடிக்க வேண்டும் என்ற மறுப்பும் நியாயமானதே. சொல்லாமல் விட்டால் வதந்தி சொல்லிவிடும் என்பது ஒன்று. இந்தத் தகவலுக்குப் பயன் இருக்கிறது என்பது மற்றொன்று. தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கு மேல் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. எத்தனை மாதத்தில் பிறந்தது, எடை என்ன, பிறந்ததும் அழுததா என்பதெல்லாம் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். தாய்வீட்டில் பிரசவம் முடிந்து வரும்போது, அல்லது வேலைக்காக இங்கே வந்த வெளிமாநிலக் குடும்பங்கள் பிகார், ஒடிசா போய்த் திரும்பும்போது, அந்தக் காகிதம் தொலைந்துபோகிறது. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் பள்ளிகளுக்கு வரும் மருத்துவக் குழு முப்பது குறைபாடுகளைத் தேடுகிறது. அந்தப் பட்டியலில் வலிப்பும் கவனக்குறைவுக் கோளாறும் உண்டு, டிக் இல்லை. டிக் உள்ள பிள்ளைகள் பலருக்குக் கவனக்குறைவுக் கோளாறோ, செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யும் எண்ணச்சுழலோ கூடவே இருக்கும். படிப்பைக் கெடுப்பது பெரும்பாலும் அவைதான். எடை குறைந்தோ குறைமாதத்திலோ பிறந்த பிள்ளையை ஆரம்பப் பள்ளி வயதுவரை கூர்ந்து கவனித்தால் இவை முன்கூட்டியே பிடிபடும். தொல்லை தரும் டிக்குக்கு நடத்தைப் பயிற்சியும், தேவைப்பட்டால் மருந்தும் இருக்கின்றன. தொல்லை தராததை ஆசிரியரும் அதட்டாமல் விட்டுவிடலாம்.

ஆகவே அந்த டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரமாக வைத்திருங்கள், டாக்டரிடம் காட்டுங்கள். தாயைக் குற்றவாளியாக்கும் சாட்சியாக அதை யாரும் நீட்ட வேண்டாம். அதற்கான பலம் அந்தச் சாட்சிக்கு இல்லை.