எஞ்சின் எண்ணெயை வீட்டிலேயே மாற்றும் முறை

மா, தக்காளி பயிரிடும் பர்கூர் வட்டார உழவர்களுக்கு டிராக்டர், பவர் டில்லர், டீசல் எஞ்சின் மூன்றும் பழகிய கருவிகள். இவற்றின் எண்ணெய் உராய்வைக் குறைப்பதோடு கரியையும் தூசியையும் ஏந்திக்கொள்கிறது. நாளடைவில் தன் வழுவழுப்பை இழக்கும். மாற்றத் தவறினால் பேரிங்குகளும் பிஸ்டன் வளையங்களும் தேய்ந்து, பயிர் வாடும் நேரத்தில் எஞ்சின் நின்றுவிடும்.

எப்போது மாற்றுவது?

கைப்புத்தகத்தில் கூறிய மணிக்கணக்கைப் பின்பற்றவும். புழுதியில் அதிகம் ஓடினால் முன்னதாகவே மாற்றலாம். ஓடிய மணிகளை நோட்டில் குறித்து வரவும்.

செய்முறை

1. எஞ்சினைச் சமதளத்தில் வைத்து 5 முதல் 10 நிமிடம் ஓட்டி நிறுத்தவும். சூடான எண்ணெய் அழுக்கையும் சேர்த்துக்கொண்டு வடியும். கை சுடாமல் பார்த்துக்கொள்ளவும்.

2. அடியில் அகன்ற பாத்திரம் வைத்து, வடிதிருகைக் கழற்றி முழுவதும் வடிய விடவும். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவ வேண்டாம். உள்ளே தங்குவது புது எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும்.

3. ஆயில் பில்டரை மாற்றி, வாஷருடன் திருகை இறுக்கவும்.

4. கைப்புத்தகம் கூறும் தரமுள்ள எண்ணெயை அளவுக் கம்பியின் மேல்கோடு வரை ஊற்றவும். சிறிது நேரம் ஓட்டி நிறுத்தி, எண்ணெய் இறங்கியபின் மீண்டும் அளவையும் கசிவையும் பார்க்கவும். மேல்கோட்டைத் தாண்டக்கூடாது.

வடித்த எண்ணெய் கூறும் செய்தி

பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது. டீசல் வாடையுடன் நீர்த்திருந்தால் எரிபொருள் கசிகிறது. உலோகத் துகள் மின்னினால் உள்பாகம் தேய்கிறது. உடனே மெக்கானிக்கிடம் காட்டவும்.

கிணறு கெடாமல் காப்போம்

பழைய எண்ணெயை வரப்பிலோ வாய்க்காலிலோ கொட்டினால் மண்ணும் கிணற்று நீரும் கெடும். 2016ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகள் இதனை அபாயகரக் கழிவாகக் கருதுகின்றன. மூடியுள்ள கேனில் சேர்த்து வைத்து, மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் பணிமனையில் கொடுத்துவிடவும்.