டாக்டருக்கு நாய்ச் சாப்பாடு தெரியுமா?



காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் குழுக் கூட்டங்களுக்குப் போனால் ஆடு, கோழி பற்றித்தான் கேள்வி வரும். இப்போது நாயைப் பற்றியும் கேட்கிறார்கள். "பையன் லேப்ரடார் குட்டி வாங்கி வந்துட்டான் மேடம். கடைக்காரர் ஒரு பையைக் காட்டுறார், டாக்டர் வேற பையைச் சொல்றார், மாமியார் சோறு போதும்னு சொல்றாங்க. யார் சொல்றதைக் கேட்கிறது?" இன்னொருவர் நேராகவே கேட்டார்: "டாக்டர் ஊசி போடப் படிச்சவர். சாப்பாடு பற்றி அவருக்கு என்ன தெரியும்?" ஒரு பை வாங்கினால் ஒரு மாதக் குழுச் சேமிப்பே போய்விடுகிறது. கேட்க வேண்டிய கேள்விதான்.

முதலில் டாக்டரின் படிப்பைப் பார்ப்போம். நம் ஊரிலேயே, வேப்பேரியில், 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1989 முதல் அது தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது. கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு பயிற்சிக் காலத்தோடு சேர்த்து ஐந்தரை வருடம். அதில் கால்நடை உணவியல் தனிப் பாடம். அதற்கென்று தனித் துறையே உண்டு. காட்டுப்பாக்கத்தில் இதே பல்கலைக்கழகத்தின் கால்நடை உணவியல் நிலையமும் இருக்கிறது. ஆகவே டாக்டர் சாப்பாடு பற்றிப் படிக்காதவர் இல்லை.

ஆனால் நம் நாட்டில் கால்நடை என்றால் முதலில் மாடு, ஆடு, கோழிதான். பால் கறக்க என்ன தீவனம், கறிக்கோழிக்கு எவ்வளவு புரதம் என்பதுதான் பாடத்தில் பெரிய பங்கு. நாய், பூனைக்குக் கிடைக்கிற இடம் அதைவிடச் சிறியது. மேல்படிப்பில் உணவியல் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். தினமும் நாயையே பார்த்துப் பார்த்துத் தேறியவர்களும் இருக்கிறார்கள். கம்பெனிக்காரர் கொடுத்த நோட்டீஸைப் பார்த்துச் சொல்பவரும் இருக்கலாம். எல்லாரையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

2013-ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வெளிவந்தது. நாய்க்கு வீட்டில் சமைத்துப் போடுவதற்காகப் புத்தகங்களிலும் இணையத்திலும் வந்த 200 சமையல் குறிப்புகளைச் சோதித்தார்கள். 100-க்கு 95-ல் ஏதாவது ஒரு முக்கியச் சத்தாவது குறைந்தது. அந்த 200-ல் பாதிக்கு மேல் கால்நடை மருத்துவர்களே எழுதியவை! ஆனால் குறை இல்லாமல் தேறிய ஒருசில குறிப்புகளும் பெரும்பாலும் மருத்துவர்கள் எழுதியவைதான். டாக்டர் என்ற பட்டம் மட்டும் போதாது, இதைத் தனியாகப் படித்திருக்க வேண்டும் என்றுதான் நாங்கள் இதை எடுத்துக்கொள்கிறோம்.

சரி, மாமியார் சொல்கிற சோறு? சோறு நாய்க்கு ஆகாது என்பது பொய். மனிதரோடு வாழ்ந்து வாழ்ந்து மாவுச்சத்தைச் செரிக்கும் திறன் நாய்க்கு ஓநாயைவிடக் கூடியிருக்கிறது என்று 2013-ல் இன்னொரு ஆய்வு காட்டியது. ஆகவே "தானியமே இல்லாதது" என்று எழுதிய பைக்கு அதிகப் பணம் கொடுக்கத் தேவையில்லை. அந்த மாதிரி உணவுக்கும் ஒரு வகை இதய நோய்க்கும் தொடர்பு உண்டா என்று 2018-ல் அமெரிக்க அரசே விசாரணை தொடங்கியது. உறுதியான முடிவு வரவில்லை என்றாலும், பெருமையாக வாங்க வேண்டிய பொருள் அது இல்லை.

ஆனால் சோறு மட்டும் போட்டால் கணக்கு உதைக்கும். 10 கிலோ எடையுள்ள நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 600 கலோரி வேண்டும். அதைச் சோற்றிலேயே கொடுத்தால் கிட்டத்தட்ட அரை கிலோ சோறு. வயிறு நிறையும். புரதம் 12 கிராம் போலத்தான் கிடைக்கும். வளர்ந்த நாய்க்கே குறைந்தது 18 கிராம் வேண்டும், குட்டிக்கு இன்னும் நிறைய. ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. டீக்கடைப் பொறையும் பிஸ்கெட்டும் இந்தக் கணக்கிலேயே வராது, அது மைதாவும் சர்க்கரையும்.

கறி மட்டும் போடுவதும் தப்பு. கறியில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. பெரிய ஜாதிக் குட்டியை வெறும் கறியில் வளர்த்தால் எலும்பு பலவீனமாகி, கால் வளைந்து, லேசாக விழுந்தாலே முறியும். கோழியின் வெந்த எலும்பைப் போடாதீர்கள், குச்சி குச்சியாகப் பிளந்து குடலைக் குத்தும்.

நம் பகுதிக்கு மீன்தான் வசதி. காசிமேட்டில் மலிவாகக் கிடைக்கும் மத்தி, நெத்திலியைப் பச்சையாகப் போடக்கூடாது. பி1 வைட்டமினை அழிக்கும் ஒரு பொருள் இவற்றில் இருக்கிறது. நன்றாக வேகவைத்தால் அது போய்விடும். நெத்திலி முள்ளும் வெந்து மசிந்தால் சுண்ணாம்புச் சத்தாகும். கருவாட்டில் உப்பு அதிகம். மிச்சமான மீன்குழம்புச் சோறு வேண்டவே வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களை அழிக்கும். கொதிக்க வைத்தாலும் அந்த விஷம் போகாது. உங்களுக்குக் குழம்பு வைக்கும் முன்பே நாய்க்கு நாலு மீனைத் தனியாக வேகவைத்து எடுத்து வையுங்கள். திராட்சை, சாக்லேட் கொடுக்காதீர்கள்.

இனி கடைப் பை. முன்பக்கத்துப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் திருப்புங்கள். இது 'முழுமையான உணவு' என்று போட்டிருக்கிறதா, அல்லது சும்மா தின்பண்டமா? குட்டிக்கா, வளர்ந்த நாய்க்கா? எத்தனை கிலோ நாய்க்கு எத்தனை கிராம்? தேதியும் தயாரித்தவர் முகவரியும் இருக்கிறதா? மூட்டையைப் பிரித்துக் கிலோ கணக்கில் அளந்து விற்பதில் இது எதுவுமே தெரியாது. நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் அது சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், பூஞ்சையும் பிடிக்கும். விலை குறைவு என்று அதை வாங்காதீர்கள்.

புரதம் எவ்வளவு என்று பார்க்கும்போது ஒரு சூட்சுமம் உண்டு. டப்பாவில் வரும் ஈர உணவில் 8 சதவீதம், உலர்ந்த தீனியில் 22 சதவீதம் என்றிருக்கும். பச்சை மீனையும் கருவாட்டையும் ஒரே எடையில் வைத்து ஒப்பிட முடியுமா? அது போலத்தான். ஈர உணவில் 80 சதவீதம் தண்ணீர் என்றால், மீதி 20-ல் 8 புரதம், அதாவது 100-க்கு 40. அந்த எண்ணையும் கண்ணை மூடி நம்ப முடியாது. சோதனைச்சாலையில் நைட்ரஜனை அளந்துதான் புரதத்தைக் கணக்கிடுகிறார்கள். சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் என்ற ரசாயனத்தைக் கலந்து அந்த எண்ணைக் கூட்டிக் காட்டினார்கள். 2007 மார்ச்சில் கனடாவின் மெனு ஃபுட்ஸ் கம்பெனி சுமார் 6 கோடி டப்பாக்களையும் பொட்டலங்களையும் திரும்பப் பெற்றது. நாய், பூனைகள் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. அடுத்த வருடம் சீனாவில் குழந்தைப் பாலிலேயே இதைக் கலந்தார்கள் என்பது தனிக் கொடுமை.

டாக்டரே தன் மருத்துவமனையில் பை விற்றால் சந்தேகப்படத்தான் தோன்றும். விற்பதாலேயே அவர் சொல்வது தப்பாகிவிடாது. சிறுநீரக நோய் வந்த நாய்க்குப் பாஸ்பரஸ் குறைந்த உணவு தேவைப்படும்; அங்கே அந்தப் பைதான் மருந்து. நல்ல நாய்க்கு அதே விலையில் எழுதினால் கூச்சப்படாமல் கேளுங்கள்: "என் நாய்க்கு இது ஏன் டாக்டர்? ஒரு நாளைக்கு எத்தனை கிராம்? எனக்கு இது கட்டுப்படியாகாது, வீட்டுச் சோறு, முட்டை, மீனோடு என்ன சேர்க்கணும்?" தெரிந்தவர் எடை போட்டு, விலா எலும்பைத் தடவிப் பார்த்து, கணக்கோடு பதில் சொல்வார். உலகச் சிறுபிராணி மருத்துவர் சங்கம் 2011-லேயே காய்ச்சல், நாடி, மூச்சு, வலியோடு ஐந்தாவதாகச் சாப்பாட்டையும் ஒவ்வொரு முறையும் பார்க்கச் சொல்லி வழிகாட்டி வெளியிட்டது. சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் பையை நீட்டினால், இன்னொரு டாக்டரிடம் கேட்பதில் தப்பில்லை.

விலாவை நீங்களும் தடவிப் பார்க்கலாம். லேசாகத் தடவும்போது எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தித் தெரியக்கூடாது. குட்டி எவ்வளவு தின்றும் வயிறு மட்டும் உப்பியிருந்தால் பையை மாற்றாதீர்கள். முதலில் பூச்சி மருந்து கேளுங்கள்.

வேப்பேரி தூரம் என்பவர்களுக்கு மாதவரம் பால்பண்ணையிலும் பல்கலைக்கழக மருத்துவமனை உண்டு. போகும்போது, மூன்று நாள் நாய் என்னென்ன தின்றது, எவ்வளவு தின்றது என்று பிள்ளைகளை விட்டு எழுதச் சொல்லி எடுத்துப் போங்கள். பக்கத்து வீட்டில் போட்ட பிஸ்கெட்டையும் சேர்த்து எழுதுங்கள். பை வாங்குகிறவர்கள் அதன் பின்பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டால் டாக்டருக்கும் பேச வசதியாக இருக்கும்.