கணிப்பொறிக் கோப்புக்குள் கடவுச்சொல் எழுதலாமா?



இன்று சிறிய மளிகைக் கடையிலும் கணிப்பொறியில்தான் பில் போடுகிறோம். கடை சாத்திய பின் அன்றைய கணக்கைத் தானே நகல் எடுத்து இணையத்தில் சேர்த்து வைக்க, கணிப்பொறிக்காரர் ஒரு சிறு கட்டளைக் கோப்பு எழுதித் தருகிறார். இதற்கு ஸ்கிரிப்ட் என்று பெயர். சேர்க்கும் இடத்துக்குள் நுழையக் கடவுச்சொல், அதாவது பாஸ்வேர்டு தேவை. வேலை சுலபமாக முடியட்டும் என்று அதைக் கோப்பிலேயே எழுதிவிடுகிறவர்கள் உண்டு. நோட்பேடில் திறந்தால் யாரும் படிக்கலாம். பூட்டிலேயே சாவியைக் கட்டித் தொங்கவிட்ட கதைதான்.

பெரிய நிறுவனமும் இதில் அடிபட்டதுண்டு. 2022 செப்டம்பரில் வாடகைக் கார் நிறுவனமான ஊபரின் கணிப்பொறிகளுக்குள் ஒருவர் ஊடுருவினார். நிறுவனத்தின் உள் வலையமைப்பில் கிடந்த ஒரு ஸ்கிரிப்டில் நிர்வாகியின் கடவுச்சொல் எழுதியிருந்ததாகவும், அதை வைத்தே மற்றவற்றைத் திறந்ததாகவும் அவர் சொன்னதாகச் செய்திகள் வந்தன.

"ஓ.டி.பி. இருக்கிறதே" என்று கேட்கலாம். இரவில் தானே ஓடும் ஸ்கிரிப்டுக்குச் செல்போனைப் பார்த்து எண் சொல்ல ஆள் ஏது? அங்கே கடவுச்சொல் ஒன்றுதான் காவல். அது போனால் வாடிக்கையாளரின் கடன் பாக்கி, செல் எண், நம் கொள்முதல் விலை எல்லாம் போகும்.

செய்ய வேண்டியவை:

1. விண்டோஸில் கிரெடென்ஷியல் மேனேஜர் என்ற பெட்டகம் உள்ளது. கடவுச்சொல்லை அதில் வைத்து, ஓடும்போது ஸ்கிரிப்ட் அங்கிருந்து கேட்டு வாங்கும்படி எழுதச் சொல்லுங்கள். அங்கே அது மறையெழுத்தாக இருக்கும்.

2. அந்தப் பெட்டகம் உங்கள் விண்டோஸ் நுழைவோடு இணைந்தது. ஆகவே பில் போடும் பையனுக்குத் தனி நுழைவு கொடுங்கள்.

3. ஸ்கிரிப்டுக்கென்று தனிக் கணக்கு வேண்டும். நகலைச் சேர்க்கலாம், பழையதை அழிக்க முடியாது என்ற அளவுக்கே அதற்கு உரிமை தரவேண்டும். நம் செஞ்சி ராஜகிரியில் அடிவாரத்து மதிலைத் தாண்டியவனும் மலைப்பிளவின் மேலுள்ள பாலத்தைக் கடந்தால்தான் உச்சிக்குப் போகமுடியும். அதே யோசனைதான் இதுவும்.

4. கணிப்பொறி பழுதானால் பெட்டகமும் போய்விடலாம். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, உறையில் ஒட்டி, இரும்புப் பெட்டியில் வையுங்கள். வீட்டில் ஒருவருக்காவது அது இருக்குமிடம் தெரியவேண்டும்.

5. கணக்குப்பிள்ளையோ கணிப்பொறிக்காரரோ மாறினால் அன்றே கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். ஏற்கெனவே கோப்பில் எழுதியிருந்தால் அழித்தால் மட்டும் போதாது. பழைய நகல்களில் அது இருக்கும். புதிய சொல் வைப்பதே வழி.

அடுத்த முறை கணிப்பொறிக்காரர் வரும்போது, "நம் கடவுச்சொல் எந்தக் கோப்பில் இருக்கிறது?" என்று கேளுங்கள். திறந்து காட்டச் சொல்லியும் பாருங்கள்.

— மொத்த வியாபாரி ஒருவர், சிங்கவரம்