பெரிய பூ செம்பருத்தியை டெல்டா மழையில் காப்பது எப்படி?

நர்சரியில் உள்ளங்கையை விடப் பெரிதாக, மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பூத்த கலப்பினச் செம்பருத்தியை ஆசையாக வாங்கி வருகிறீர்கள். கார்த்திகை மழை முடிவதற்குள் செடி பட்டுவிடுகிறது. 'நம்ம மண்ணுக்கு ஒத்துவராது' என்று விட்டுவிடாதீர்கள். கொல்லையில் பல ஆண்டுகளாகப் பூக்கும் நாட்டுச் சிவப்புச் செம்பருத்தியும் இதே மண்ணில்தான் நிற்கிறது.

குளிர் நாடுகளில் உறைபனிக்குப் பயந்து தொட்டியை வீட்டுக்குள் எடுத்துவைப்பார்கள். நமக்குப் பகை, தேங்கும் தண்ணீர். பெங்களூரு கடல் மட்டத்தில் இருந்து 900 மீட்டர் உயரம். செம்மண்ணில் தண்ணீர் எளிதில் வடியும். தஞ்சாவூரோ 60 மீட்டர்தான். வடகிழக்குப் பருவமழையில் சம்பா வயல் நிரம்பும்போது, கொல்லைக் களிமண்ணும் ஊறிக் கிடக்கும். காற்றில்லாமல் வேர் அழுகும். இலை வாடுவதைப் பார்த்து மேலும் தண்ணீர் ஊற்றினால் அழுகல்தான் கூடும்.

வாங்கும்போதே நாட்டுச் செம்பருத்தி வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய கன்றா என்று கேளுங்கள். மழை ஓய்ந்த தை, மாசியில் நடுங்கள். அடுத்த ஐப்பசிக்குள் வேர் நன்றாக ஊன்றிவிடும். ஒன்றரை அடி உயரம், மூன்றடி அகலத்துக்கு மண்ணை மேடாக்கி, மணலும் மட்கிய தொழுவுரமும் கலந்து அதன் உச்சியில் நடவேண்டும். ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே இருக்கட்டும். ஒட்டுக்குக் கீழே துளிர்க்கும் கிளைகளை உடனே நீக்குங்கள். இல்லையென்றால் நாட்டுச்செடியே ஓங்கிவிடும்.

சித்திரை, வைகாசி வெயிலில் மொட்டு உதிரும். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் விழும் இடமே நல்லது. வேரைச் சுற்றி வைக்கோல் மூடாக்கு போடுங்கள்; தண்டை ஒட்டிப் போடவேண்டாம்.

முதலில் ஒரே ஒரு கன்று வாங்குங்கள். அது ஒரு மழைக்காலத்தைத் தாண்டட்டும். பிறகு மற்ற நிறங்களுக்குச் செலவிடலாம்.