செக்ரோலில் ஏறாத உழைப்பு

தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பாட்டி என்றாலே ஒரு வாசம் ஞாபகத்துக்கு வரும். எங்கள் பாட்டியிடம் கட்டிப்பால் வாடையும் மாட்டுக் கொட்டகை வாடையும் சேர்ந்தே வீசும். சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் மரம் சீவியவர் அவர்.

விடியற்காலை மூன்றரைக்கு எழுவார். அடுப்பு மூட்டுவதற்கு முன் கொட்டகைக்குப் போய், "எந்திரிச்சிட்டியா லெட்சுமி?" என்று பசுவிடம் கேட்பார். கறந்த பாலைப் போத்தல்களில் ஊற்றி, எங்களை வீடு வீடாக அனுப்பிவிட்டுப் பெரட்டுக்கு ஓடுவார். வெயில் ஏறினால் மரத்தில் பால் ஒழுகுவது நின்றுவிடும் அல்லவா? அதனால் இருட்டோடு நிரையில் நிற்க வேண்டும். காண்டா வாளி சுமந்து, ஸ்டோரில் பால் நிறுத்து, வீடு திரும்ப மதியமாகிவிடும். ஒரு வாய் சோறு தின்றதும் அரிவாளும் சாக்குமாகப் புல்லறுக்கக் கிளம்பிவிடுவார்.

"கொஞ்சம் படுங்க பாட்டி" என்போம்.

"பசிக்குதுன்னு அது வாய்விட்டுக் கேக்குமா? நாமதான் பாக்கணும்" என்பார்.

கால் ஒடிந்த தெருநாய்க்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டியதும் அந்தக் கைதான். மாட்டுப் பொங்கலன்று மாடு தின்ற பிறகே எங்களுக்கு இலை போடுவார்.

மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் அன்றைய கூலியும் இல்லை. தோட்டத் தொழிலாளிக்கு மாதச் சம்பள ஒப்பந்தம் வந்ததே 2001-ல்தான். அடைமழை நாட்களில் எங்கள் வயிற்றைக் காத்தது லெட்சுமியின் பால்தான்.

1978-ல் எங்கள் தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். இளங்கன்றின் குருத்தை மாடு மேய்ந்துவிடும் என்று, மாடுகளை வெளியேற்றச் சொல்லி நிர்வாகம் உத்தரவு போட்டது. அதே சமயம் அண்ணனுக்கு ஐந்தாம் படிவத் தேர்வுப் பணம் கட்ட வேண்டியிருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் மாடு வளர்க்கும் ஒருவரிடம், "அறுப்புக்குக் கொடுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்று வாங்கிக்கொண்டுதான் பாட்டி கயிற்றைக் கொடுத்தார். அன்றிரவு சோறு தொடவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு சம்பள நாளும், ஒரு துண்டு வெல்லத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, நடந்தே போய் லெட்சுமியைப் பார்த்துவிட்டு வருவார். அண்ணன் தேர்வில் தேறிய சேதியையும் முதலில் அதனிடம்தான் சொன்னார்.

பாட்டி இன்று இல்லை. அந்த லயங்களும் இல்லை. அவர் வெட்டிய பாலுக்குச் செக்ரோலில் கணக்கு இருந்தது, சேமநிதியும் பிடித்தார்கள். ஆனால் விடியலுக்கு முன்னும் மதியத்துக்குப் பின்னும் அவர் உழைத்த உழைப்பு எந்த ஏட்டிலும் ஏறவில்லை. நாங்கள் படித்தது அந்த உழைப்பில்தான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பாட்டி இருப்பார். இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவர் வளர்த்த மாட்டின் பெயரைச் சொன்னாலே போதும், முழுக் கதையும் தானாக வந்துவிடும்.